புதுக் கேப்டனும் புது மருமகளும்

பெண்கள் பத்திரிகையில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே. சித்திரை, வைகாசி மாதங்களில் சாயங்காலம் ஏழரை மணிக்கு மேல் டி.வி. நம் கையில் இல்லை. தோசை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிற நாமும் நிலைப்படியில் சாய்ந்து நின்று நாலு பந்து பார்த்துவிட்டுத்தானே அடுத்த தோசையை ஊற்றப் போகிறோம்? அப்படி நின்று பார்த்தே எனக்கு ஆட்டம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஆட்டத்தைவிட, அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உள்ளவர்கள் பேசுகிற பேச்சுத்தான் எனக்கு அதிகம் பிடிபட்டது.

பெரம்பலூரில் எங்கள் வீட்டில் என் கணவரும் பையனும் சென்னை சூப்பர் கிங்ஸ் கட்சி. 2024 மார்ச் 21-ஆம் தேதி, ஐ.பி.எல். தொடங்குவதற்கு முதல் நாள், தோனி கேப்டன் பதவியை ருதுராஜ் கெய்க்வாட்டிடம் கொடுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. அன்றைக்குத் தொடங்கிய ஒப்பீடு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒரு பந்து தவறினால் போதும், "தோனியா இருந்தா பவுலரை மாத்தியிருப்பார்." ஜெயித்தால், "பின்னால தோனி நின்னு சொல்லிக் கொடுத்தார்." தோற்றால் இவனால், ஜெயித்தால் அவரால். இந்தக் கணக்கு எங்கேயோ கேட்ட கணக்காக இருக்கிறதே என்று யோசித்தேன். நம் வீட்டு அடுப்படிக் கணக்கேதான்! குழம்பு ருசியாக இருந்தால் மாமியார் பக்குவம் சொன்னார். உப்புக் கரித்தால் மருமகள் கைவரிசை.

ருதுராஜ் ஒன்றும் நேற்று வந்த பிள்ளை இல்லை. புனே நகரத்துப் பையன். 20 லட்ச ரூபாய்க்கு எடுத்த ஆள். 2020-இல் துபாய்க்குப் போன இடத்தில் கொரோனா பிடித்துக்கொண்டது. எழுந்து வந்து ஆடிய முதல் மூன்று ஆட்டங்களில் 0, 5, 0. இளம் பிள்ளைகளிடம் பொறியைக் காணவில்லை என்கிற மாதிரி தோனியே அந்த வருஷம் பேசினார். அதற்குப் பிறகு கடைசி மூன்று ஆட்டங்களிலும் வரிசையாக அரை சதம். மறு வருஷம், 2021-இல், 635 ரன் எடுத்து அந்த ஐ.பி.எல்.லிலேயே முதல் ஆள். அந்த வருஷம் கோப்பையும் சென்னைக்குத்தான். அப்போது அவருக்கு 24 வயது. இப்படி வீட்டுக்கு உழைத்துக் காட்டிய பிள்ளையிடம்தான் சாவிக்கொத்து வந்தது.

சாவிக்கொத்து வந்ததே தவிர, அதைக் கொடுத்தவர் வீட்டைவிட்டுப் போகவில்லை. கீப்பராக ஸ்டம்புக்குப் பின்னாலேயே நின்றார். மாமியார் "இனிமே நீ பாத்துக்கம்மா" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, அதே அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் வருகிறவர் போகிறவர் கண்ணெல்லாம் முக்காலியின் மேல்தானே இருக்கும்?

2024 ஏப்ரல் 28 அன்று சேப்பாக்கத்தில் ஹைதராபாத்தோடு ஆட்டம். ருதுராஜ் 54 பந்தில் 98 ரன் எடுத்திருந்தார். கடைசி ஓவர். இரண்டு ரன் எடுத்தால் சதம். நம் சேலத்துப் பையன் நடராஜன் போட்ட பந்தில் அவுட்டாகிவிட்டார். ஐயோ என்று அடங்க வேண்டிய மைதானத்தில் சத்தம் இரண்டு மடங்காகியது. அடுத்து வருகிறவர் தோனி! 98-இல் அவுட்டாகித் தலை குனிந்து நடக்கிற பிள்ளைக்கு அந்த ஆரவாரம் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பெற்றவள் பார்த்துக்கொண்டிருப்பாளே! ஜடேஜாவே 2023-இல் ஒரு தடவை, தான் முன்னால் ஆட வந்தால் எப்போது அவுட்டாவான் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கென்னவோ அது சிரிப்பாகத் தெரியவில்லை.

அதே மாதம் 14-ஆம் தேதி பம்பாயில் நடந்த ஆட்டத்தில் ருதுராஜ் 69 ரன் எடுத்தார். பதிரானா 4 விக்கெட் எடுத்தார். கடைசியில் வந்த தோனி நாலே பந்தில் மூன்று சிக்ஸரோடு 20 ரன். சென்னை ஜெயித்ததும் 20 ரன் வித்தியாசத்தில். இன்றைக்கு என் பையனைக் கேட்டால் அந்த மூன்று சிக்ஸரையும் பந்து பந்தாகச் சொல்வான். 69 யார் அடித்தது என்றால் விழிப்பான். ஆனால் ருதுராஜ் அன்றைக்குப் பேசும்போது, எங்கள் 'இளம்' விக்கெட் கீப்பர் அடித்த சிக்ஸர்கள்தான் உதவின என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போனார். கெட்டிக்காரப் பிள்ளை. மாமியாரை நாலு பேர் புகழும்போது தானும் சேர்ந்து புகழத் தெரிந்த மருமகள் பிழைத்துக்கொள்வாள்.

கொடுத்த பதவியைத் திரும்ப வாங்கிய கதையும் இந்த அணியில் உண்டு. 2022-இல் ஜடேஜாவைக் கேப்டனாக்கினார்கள். 8 ஆட்டத்தில் 6 தோல்வி. மறுபடியும் தோனியிடமே வந்தது. இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் அரியலூர் ஞாபகம்தான் வந்தது. என் பிறந்த வீடு அரியலூர், புகுந்த வீடு பெரம்பலூர். 2001-இல் அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள். 2002-இல் பெரம்பலூரோடேயே சேர்த்துவிட்டார்கள். 2007-இல் மறுபடி தனியாகப் பிரித்தார்கள். அந்த நாளில் என் அப்பா, "தனிக்குடித்தனம் வச்சுக் கொடுத்துட்டு ஒரு வருஷத்துல பாத்திரத்தைத் திருப்பிக் கேக்குறாங்களே" என்று திண்ணையில் உட்கார்ந்து சிரிப்பார்.

இப்போது அந்த அரியலூர் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் மகனுக்கு 2025 தை மாதம் கல்யாணம். பெண் எங்கள் பெரம்பலூர்ப் பக்கம், செட்டிகுளம். சின்ன வெங்காயம் விளைகிற மண். வாயாடாத பெண், சுறுசுறுப்பு. எங்கள் அண்ணிக்கு இரண்டு வருஷமாக முழங்கால் வலி. குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது, அருவாமனையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கல்யாணமான மாதமே அடுப்படி புதுப்பெண்ணிடம் வந்துவிட்டது.

(முழங்கால் என்றதும் ஒன்று. தோனிக்கும் 2023 ஜூனில் முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. அவருடைய முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் நின்று ஓடி ஆட முடியாது என்று 2025 மார்ச்சில் பயிற்சியாளர் பிளெமிங்கே சொன்னார். அப்போது தோனிக்கு 43 வயது. இருபது வருஷம் உட்கார்ந்து எழுந்த முழங்கால். துணி துவைத்து, தரை மெழுகி, அம்மியடியில் குந்திய நம் முழங்காலைப் பற்றி யாரும் பேட்டி கொடுப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணி மெதுவாக இறக்குவது, இப்படிக் காலுக்குப் பத்துத் தடவை. அண்ணிக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சி இது. தொடைத் தசைக்கு வலுவேறினால் முட்டியின் மேல் பாரம் குறையுமாம். வலி ரொம்ப நாளாக இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.)

மே மாதம் லீவுக்கு நான் அரியலூர் போனபோது அந்தப் பெண் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். முகம் வாடிக் கிடந்தது. மசக்கையாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்ததில் முந்தின மாதத்தைவிட ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. இரண்டு நாள் கூட இருந்து பார்த்தேன். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, "அப்புறம் சாப்பிடறேன்" என்று உள்ளே போவாள். அந்த அப்புறம் வரவே வராது. வாந்தி ஒரு காரணம்தான். இன்னொன்று என் காதிலேயே விழுந்தது. திருவிழாவுக்கு வந்த ஒன்றுவிட்ட சித்தப்பா கருவாட்டுக் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, பரிமாறிய பெண்ணைப் பார்க்காமல் முக்காலியில் இருந்த அண்ணியைப் பார்த்து, "என்னம்மா, ஒன் கைப்பக்குவம் இல்லியே?" என்றார். மனுஷர் நல்லவர்தான். அண்ணியைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார். மறுநாள் வந்த பக்கத்து வீட்டு அக்காளும் அதையே வேறு மாதிரி சொன்னாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை இப்படிக் கேட்டால் எந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்கும்?

மே 3, சனிக்கிழமை ராத்திரி. பெங்களூரோடு ஆட்டம். அதற்குள் சென்னை நிலைமை உங்களுக்கே தெரியும். மார்ச் 30 அன்று கௌஹாத்தியில் ருதுராஜுக்கு முழங்கையில் பந்து பட்டு எலும்பில் விரிசல். வலியோடேயே இன்னும் இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு விலகிவிட்டார். மறுபடியும் தோனி கேப்டன். "தல வந்தாச்சு, இனிமே பாரு" என்று ஊரே எழுந்து உட்கார்ந்தது. வந்த முதல் ஆட்டத்திலேயே சேப்பாக்கத்தில் 103 ரன்தான் எடுத்தார்கள், படுதோல்வி. ருதுராஜுக்குப் பதிலாக ஆயுஷ் மாத்ரே என்று 17 வயதுப் பிள்ளையைப் பிடித்து வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை அன்று ராத்திரி 48 பந்தில் 94 ரன் அடித்தது. அப்படியும் 2 ரன்னில் தோல்வி. கடைசி ஓவரில் தோனியும் அவுட்.

எங்கள் அம்மாவுக்கு 74 வயது, தோனி பக்தை. அம்மா பெருமூச்சு விட்டு, "ருதுராஜு ஒக்காந்து என்னத்தக் கிழிச்சான்? இந்தப் பொடியன் அவனவிட எவ்வளவோ தேவலாம். ஆனா யாரு வந்தாலும் தோனி மாதிரி வருமா?" என்றார்கள். பாருங்கள், ஒருத்தனைத் தள்ளிவிட்டு அடுத்தவனையும் தராசில் ஏற்றியாயிற்று.

தட்டு எடுக்க வந்த புதுப்பெண் நின்றாள். "அப்பாயி, தோனி வந்த மொத வருஷம் ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. அண்ணனுக்கு இருந்தது. 2004 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் இந்திய அணிக்குக் கீப்பராக முதல் ஆட்டம் ஆடியவர் நம் சென்னைப் பையன் தினேஷ் கார்த்திக். அந்த டிசம்பர் 23-ஆம் தேதி சிட்டகாங்கில் தோனி வந்தார். முதல் பந்திலேயே ரன் அவுட், 0. அடுத்த மூன்று ஆட்டத்திலும் சேர்த்து 22 ரன். "நம்மூர்ப் பையனை வெளில உக்கார வச்சுட்டு யாரோ முடி வளர்த்தவனக் கொண்டாந்திருக்கானுங்கன்னு இதே கூடத்துல நான்தான் கத்துனேன்" என்று அண்ணன் சிரித்தார். ஐந்தாவது ஆட்டத்தில், 2005 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் தோனி 148 அடித்தார். அப்புறம்தான் அண்ணன் வாயை மூடினாராம். சென்னைக்கே வந்தபோதும் 2008-இல் கடைசிப் பந்தில் கோப்பை போயிற்று; 2009-இல் அரையிறுதியோடு சரி; 2010-இல்தான் முதல் கோப்பை. கேப்டனாக ருதுராஜின் முதல் வருஷக் கணக்கைப் பார்ப்போமா? 14 ஆட்டத்தில் 7 வெற்றி, 7 தோல்வி. சொந்தக் கணக்கில் 583 ரன்; அந்த வருஷம் கோலி ஒருவர்தான் அதற்கு மேல். கடைசி ஆட்டத்தில் இன்னும் 10 ரன் எடுத்திருந்தால், தோற்றாலும் அடுத்த சுற்றுக்குப் போயிருப்பார்கள். அவருடைய முதல் வருஷத்தை தோனியின் முதல் வருஷத்தோடு யாரும் வைத்துப் பார்க்கவில்லை. ஐந்து கோப்பையோடு வைத்துத்தான் பார்த்தார்கள்.

அப்போதுதான் அம்மா எதிர்பாராமல் ஒன்று சொன்னார்கள். "ஏன், இவ வந்த வருஷம் வச்ச ரசத்த நீங்க யாரும் மறந்துட்டீங்களா?" என்று அண்ணியைக் கை காட்டினார்கள். 1998-இல் நடந்தது. அண்ணி முதல் முதலாக வைத்த ரசத்தில் அத்தனை உப்பு. அப்பா ஒன்றும் சொல்லாமல் மோரை எடுத்து ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்துவிட்டாராம். அண்ணி வெட்கப்பட்டுச் சிரித்த சிரிப்பில் எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புதுப்பெண் நம்பாமல், "நெஜமாவா அத்தை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அண்ணி எழுந்து போய் இரண்டு தட்டு எடுத்து வைத்தார். "ஒக்காரு. நீ சாப்ட்டாத்தான் நானும் சாப்டுவேன்." அவ்வளவுதான். மறுநாள் காலையில் முக்காலி அடுப்படியில் இல்லை, திண்ணைக்கு வந்துவிட்டது. அண்ணி அங்கே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மத்தியானம் யாரோ குழம்பைப் பற்றி வாயைத் திறந்ததும், "என்னைக் கேக்காதீங்க. வச்சவ உள்ள இருக்கா, அவகிட்ட சொல்லுங்க" என்றார். நேரே சொல்ல வேண்டும் என்றதும் அந்த மனிதருக்குக் குழம்பில் குறை ஒன்றும் இல்லாமல் போய்விட்டது! மசக்கைக்கு ஒரேயடியாகச் சாப்பிடாமல் இரண்டு மணிக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லி நர்சம்மாவும் சொன்னார்கள். காலையில் எழுந்ததும் வறட்டுப் பொரி, பத்து மணிக்குக் கம்பங்கூழ் என்று அண்ணியே பார்த்துக்கொண்டார். அடுத்த மாதம் எடையில் இரண்டு கிலோ ஏறியிருந்தது என்று போனில் சொன்னாள்.

என் நாத்தனார் பெண் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில் இருக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னேன். "இங்கேயும் இதே கதைதான் மாமி" என்றாள். அந்த ஊர் புட்பாலில் பந்தைக் கையால் எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயராம். கிரீன்பே ஊர் அணியில் பிரெட் பார்வ் என்பவர் 16 வருஷம் கொடிகட்டிப் பறந்தவர். 2008-இல் ஓய்வு என்று அழுதுகொண்டே சொன்னார். சில மாதத்தில் திரும்பி வருகிறேன் என்றார். அதற்குள் அணி ஆரன் ராட்ஜர்ஸ் என்கிற இளைஞரிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தது. மூன்று வருஷம் ஓரமாக உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிள்ளை அது. பழையவர்தான் வேண்டும் என்று ரசிகர்கள் பயிற்சி மைதானத்திலேயே கூச்சல் போட்டார்களாம். அணி மசியவில்லை. பழையவரை நியூயார்க் அணிக்கு அனுப்பிவிட்டது. புதியவரின் முதல் வருஷம் 6 வெற்றி, 10 தோல்வி. எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! 2011 பிப்ரவரியில் அதே பிள்ளை அவர்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2023-இல் அந்த ராட்ஜர்ஸுக்கும் வயதாகி, அதே நியூயார்க் அணிக்குப் போனார். அவர் இடத்தில் மூன்று வருஷம் காத்திருந்த இன்னொரு பையன் வந்தான். அவனை இப்போது ராட்ஜர்ஸோடு ஒப்பிட்டார்களாம்.

அந்த ஊர்க்காரர்கள் பழையவரை அனுப்பிய மாதிரி நாம் அனுப்ப முடியாது. தோனியையும் முடியாது, மாமியாரையும் முடியாது; வேண்டவும் வேண்டாம். ஆனால் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். முதல் வருஷம் பின்னால் நின்று தாங்கியது சரி. அடுத்த வருஷமும் ருதுராஜ் ஆடும்போதே ஜனங்கள் அடுத்தவருக்காகக் காத்திருக்கும்படி ஆனது அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்யவில்லை. அணிக்கும் செய்யவில்லை, அந்த 2025-இல் 14 ஆட்டத்தில் 4 வெற்றியோடு, வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி இடம். இதை எங்கள் வீட்டில் சொன்னால் ராத்திரி சாப்பாடு கிடையாது என்பார்கள். சமைக்கிறவள் நான்தான் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த மே 3 தோல்விக்குப் பிறகு, நான் இன்னும் சில பந்துகளை அடித்திருக்க வேண்டும், தப்பு என் பேரில்தான் என்று தோனியே பேசினார். அதை டி.வி.யில் கேட்ட எங்கள் அம்மா, "பெரிய மனுசன்" என்றார்கள். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

2025 நவம்பரில் அரியலூரில் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம், மூன்று கிலோ. நான் போய்ச் சேர்ந்த அன்று ஆண்களெல்லாம் ஒரு பக்கம், ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போய்விட்டார், அங்கிருந்து சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருகிறார், அவரும் கீப்பர்தான், தோனி மாதிரி வருமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே தொட்டிலைச் சுற்றி நின்ற பெண்கள், குழந்தையின் மூக்கு பாட்டி மூக்கு மாதிரி எடுப்பாக இல்லையே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிறந்து ஐந்து நாள் ஆன குழந்தை அது. கண்ணைக்கூட முழுசாகத் திறக்கவில்லை.